பபூன் சொல்லிப் போன வெள்ளிக்கிழமை

திண்டுக்கல்
5-1-1963

அன்புள்ள மாப்பிள்ளை ராமர் அவர்களுக்கு,

பொன்னழகு எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் தொண்டை கட்டிக்கொண்டது; மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு அதனால் நட்டம் இல்லை. அங்கே நீங்களும், என் தங்கச்சி அய்யம்மாளும், என் குட்டி மருமகள் பேச்சாயியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் கார்டு வந்தது. அம்மை வராமல் தடுக்கும் அம்மைப்பாலைக் குத்த நீங்கள் சைக்கிளில் ஊருக்குள் நுழைந்ததும் பெண்டுகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடினார்கள் என்பதைப் படித்துச் சிரித்தேன். அடுத்த வரியில், பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகள் அம்மையில் போய்விட்டன என்று இருந்தது. அதோடு சிரிப்பு நின்றது. சித்திரைத் திருவிழாவுக்கு எட்டு ஊர்ச் சனமும் உங்கள் சேவுகம்பட்டியில் கூடுமே, அதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் குத்தி முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி.

சர்க்கார் நோட்டீசைச் சாவடிச் சுவரில் ஒட்டினீர்களாம். படிக்கத் தெரிந்தவன் அதைப் படிக்க மாட்டான். தெரியாதவன் வீட்டு ஆடு தின்னும். நான் கல்யாண ஊர்வலத்தில் தலையில் கேஸ் லைட் சுமந்து பிழைப்பைத் தொடங்கியவன். கூட்டம் எதற்கு வரும், எதற்கு எழுந்து போகும் என்று விளக்குக்கு அடியில் நின்றே பார்த்தவன். எதைச் சொல்வதானாலும் முதலில் சனத்தை உட்கார வைக்க வேண்டும். உட்கார வைப்பது வேடிக்கை ஒன்றுதான். இன்றைக்குக் காதுகுத்து, சடங்கு, கிணறு வெட்டுவது எதுவும் ஸ்பீக்கர் குழாய் கட்டாமல் நடப்பதில்லை. ஓட்டுக் கேட்கிறவரே, "மொதல்ல ரெண்டு பாட்டைப் போடுங்கண்ணே, அப்புறம் நான் பேசிக்கிறேன்" என்கிறார். பாட்டுக்கு வந்தவன் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

ஆகவே நாடகத்தில் பபூன் வேஷம் கட்டும் நம் மலைச்சாமியை அங்கே அனுப்பட்டுமா? அம்மைப்பாலை வைத்து ஒரு காமிக் நாடகம் கட்டித் தருவான். குழாயும் லைட்டும் என் பொறுப்பு. தர்மம் என்று நினைக்க வேண்டாம். திருவிழாவுக்கு மைக் செட் எனக்கே வர வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சாயிக்கு நீங்கள் முதலிலேயே குத்தியிருப்பீர்கள். கைப்புண் ஆறிவிட்டதா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் மச்சான்,
பொன்னழகு


சேவுகம்பட்டி
19-1-1963

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு ராமர் வணக்கம்.

பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. தாங்கள் அனுப்பிய கரும்பும் மஞ்சளும் கிடைத்தன. தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் குடிக்கும்படி அய்யம்மாள் சொல்லச் சொன்னாள்.

தங்கள் யோசனையை நினைத்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் காக்கி போட்டு உத்தியோகம் பார்க்கிறவன். நோயைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பபூனை விட்டால், நாளைக்கு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள். மேல் அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? அம்மை என்பது சிரிக்கிற காரியமா, மச்சான்?

நேற்றுப் போன ஊரிலும் கதவை அடைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் பிள்ளையைத் தானியக் குதிருக்குள் இறக்கி மூடியிருந்தார்கள். அது உள்ளே தும்மியது.

வெயில் இப்போதே ஏறிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள்,
ராமர்


திண்டுக்கல்
26-1-1963

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கஷாயம் வேலை செய்தது, தொண்டை திறந்துவிட்டது. இனிமேல் நான் பேசுவதை நீங்கள்தான் தாங்க வேண்டும். அங்கே அனைவரும் சுகந்தானே?

குதிருக்குள் தும்மிய பிள்ளையை என் கடைப் பையன்களிடம் சொன்னேன். உருண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு ஒருவன், "அம்மைப்பால் குத்துனா நெசமாவே அம்மை வராதாண்ணே?" என்று கேட்டான். மூன்று வருசமாக என்னிடம் இருக்கிறான், ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கள் நோட்டீஸ் செய்யாததைக் குதிர் செய்துவிட்டது, பாருங்கள்.

எங்கள் தெருவில் ஆனந்தமேரி டீச்சர் இருக்கிறார். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கோலாட்டமாக ஆட வைத்துச் சொல்லித் தருகிறார். பெரிய வாத்தியார், "இது பள்ளிக்கூடமா, சபாவா?" என்று சத்தம் போட்டாராம். டீச்சர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாய்ப்பாட்டின் நடுவில் இருந்து கேட்க, அது ஒரு காலைத் தூக்கி ஆடிக்கொண்டே தப்பில்லாமல் சொன்னது. எனக்குப் பிரம்படியோடு சொல்லித்தந்த வாய்ப்பாடு ஒன்பதோடு நின்றுபோனது. நான் அந்த டீச்சரைக் கும்பிடுகிற கட்சி.

உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்கிறீர்கள். சிரிக்கட்டும். இப்போது உங்களைப் பார்த்தால் ஓடுகிறார்கள். சிரிக்கிறவன் நின்றுதானே சிரிக்க வேண்டும்?

பேச்சாயி கையைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் எழுதவில்லை. வேலை நெருக்கடியில் விட்டுப்போயிருக்கும்.

மற்ற விஷயம் உங்கள் கையில்.

பொன்னழகு


சேவுகம்பட்டி
11-2-1963

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நான் சரி என்று கார்டு போட்டபடி தாங்கள் அனுப்பிய மலைச்சாமியும், மைக் செட் பார்க்கும் சோலைமுத்துவும் வந்து சேர்ந்தார்கள். முன்பு கதவை அடைத்த அந்தச் சிற்றூரில் முதல் ஆட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மலைச்சாமி என்னைப் போலவே காக்கி போட்டு, என் குடையையும் சைக்கிளையும் வாங்கிக்கொண்டு மேடை ஏறினார். சைக்கிளுக்கு மணி இல்லை என்று வாயாலேயே மணி அடித்தார். அவரோடு வந்த டான்ஸ்காரப் பெண், பிள்ளையைக் குதிருக்குள் ஒளித்தாள். இவர் அதைச் சுற்றி வந்து, "ஏத்தா, உன் குதிருக்குச் சளி பிடிச்சிருக்கு, மருந்து குடுக்கவா?" என்றார். ஊரே விழுந்து சிரித்தது. குதிர்க்கார வீட்டம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்து, முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில், அம்மைப்பால் குத்தும் முள்ளையும் அம்மைத் தழும்பையும் வைத்து ஒரு பாட்டு:

"முள்ளுக் குத்து ஒருநா வலி,
மூஞ்சிக் குழியோ ஆயுசு வலி."

ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மறுபடியும் ஒன்ஸ்மோர். பாடி முடித்ததும், "இனி ஒன்ஸ்மோர் கேக்குறவுக கையை நீட்டிக்கிட்டுத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது சிறுபிள்ளைகள் வாயால் மணி அடித்துக்கொண்டே என் பின்னால் வந்தார்கள். எனக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று. ஆனால், மச்சான், யாரும் ஓடவில்லை. கதவு திறந்திருந்தது. கொண்டுபோன மருந்து பத்தாமல் திரும்பினேன். இந்த உத்தியோகத்தில் அப்படித் திரும்பியது அன்றுதான்.

அய்யம்மாள் ஆட்டம் பார்க்க வரவில்லை. தலைவலி என்றாள்.

தங்கள்,
ராமர்


திண்டுக்கல்
16-2-1963

மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, சந்தோஷத்துக்கும் குறைவில்லை. உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். வேடசந்தூர் மில்லில் இருந்து லைட்டுக்கு வந்தவர், "எங்க மில்லுக்கும் அந்தப் பபூனை அனுப்புங்க" என்று கேட்டுப் போகிறார். மலைச்சாமி பெரிய ஆள்தான். நீங்களும் லேசான ஆள் இல்லை. பின்னால் மணி அடிக்க விட்டுவிட்டு வேலையைப் பார்க்க நெஞ்சழுத்தம் வேண்டும்.

அடுத்த ஆட்டத்தைச் சேவுகம்பட்டியிலேயே வைத்துவிடுங்கள். பெரிய செட்டும் நான்கு குழாயும் அனுப்புகிறேன். தங்கச்சியைத் தலைவலியோடாவது முன் வரிசையில் உட்கார வையுங்கள். அண்ணன் குழாய் எப்படிக் கேட்கிறது என்று அவள் சொல்லவே இல்லை.

நாள் குறித்து எழுதவும்.

பொன்னழகு


திண்டுக்கல்
12-3-1963

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். அங்கேயும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை பழக்கத்துக்காக எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். நான்கு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சேவுகம்பட்டியில் ஆட்டம் நடந்த செய்தியையே சோலைமுத்து திரும்பி வந்து சொல்லித்தான் கேட்டேன்.

குதிர்க் கட்டத்தில் சிரிப்பு உச்சத்தில் இருந்தபோது, கூட்டத்தில் இருந்து கருப்பணன் என்று ஒருவர் எழுந்தாராம். "ஏலே பபூனு! ஊரார் பிள்ளைக்கெல்லாம் குத்தச் சொல்றியே, குத்துறவரு மக கையில தழும்பு இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டாராம். மலைச்சாமிக்கு உள்விஷயம் தெரியாது. வாய் சும்மா இருக்காது. "ஏன் இல்லாம? நல்ல நாளுக்குக் காத்திருக்காரு! பங்குனி ரெண்டாம் வெள்ளி, மாரியம்மன் கோயில் வாசல்ல, உங்க கண்ணு முன்னாலயே குத்துவாரு. அம்புட்டுப் பேரும் வாங்க, சுண்டல் உண்டு!" என்றானாம். சனம் கை தட்டியதாம். நீங்கள் மேடைக்குப் பக்கத்தில் குனிந்து குடையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம்.

இரண்டு தடவை பிள்ளையின் கையைக் கேட்டேன். இரண்டு தடவையும் நீங்கள் வேறு எதையோ எழுதினீர்கள். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சரக்கைத் தன் வீட்டில் புழங்காதவனிடம் எவனாவது வாங்குவானா? கருப்பணன் கேட்டது நியாயம். ஊருக்கே அந்தக் கேள்வி மனசில் இருந்திருக்கிறது. சிரித்து வாய் திறந்ததும் வெளியே விழுந்துவிட்டது.

பேச்சாயிக்கு மூன்று வயசு. பக்கத்து ஊரில் இன்னும் அம்மை இருக்கிறது. ஏன் குத்தவில்லை?

பொன்னழகு


சேவுகம்பட்டி
14-3-1963

மச்சான் அவர்களுக்கு,

பிள்ளை சுகமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன்.

முன்னால் இரண்டு தடவை கரு தங்காமல் போனது தாங்கள் அறிந்ததே. மூன்றாவது தடவை அய்யம்மாள் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துக் கிடைத்தால் ஐந்து வயசு முடிய அதன் உடம்பில் ஊசி, கத்தி படாது; ஐந்தில் அம்மன் சன்னதியில் முடியெடுத்துக் காது குத்துவது என்று. இதைத் தங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். தாங்கள் கேலி செய்வீர்கள் என்று பயம்.

அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் குத்தும் முள்ளை எடுத்துக் காய்ச்சிக்கூட வைத்தேன். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். என்னால் முடியவில்லை. குத்தினால் தழும்பு வரும், அதை அவள் பார்ப்பாள். அதன் பிறகு என்னோடு அவள் எப்படி வாழ்வாள்?

ஆட்டம் முடிந்த நாளில் இருந்து அவள் பேசவில்லை. சோறு போடுகிறாள். வெள்ளிக்கிழமையை ஊரே எண்ணிக்கொண்டிருக்கிறது. நடக்காவிட்டால் எனக்கு இந்த ஊரில் இனி எந்தக் கதவும் திறக்காது.

ராமர்


சேவுகம்பட்டி
17-3-1963

அன்புள்ள அண்ணனுக்கு அய்யம்மாள் எழுதிக்கொண்டது.

அண்ணன், அண்ணி, பிள்ளைகள் சுகத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டும். அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்க்கப் போகிறேன். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டணத்தில் சிவப்புப் பூ. பேச்சாயியே எடுக்கட்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, அங்கேயே குத்தட்டும். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் யாரும் என்னிடம் ஒன்றும் பேசக்கூடாது.

உத்தரவு கிடைத்தால் பிள்ளையை உட்கார வைக்கத் தாய்மாமன் மடி வேண்டும்.

உங்கள் குழாயையும் கொண்டுவாருங்கள். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

தங்கை,
அய்யம்மாள்


திண்டுக்கல்
25-3-1963

தம்பி மலைச்சாமிக்கு,

வேடசந்தூர் மில் ஆட்டம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். மில் பஞ்சுத் தூசி குரலைக் கெடுக்கும், வெந்நீர் குடி. நான் சுகமாக இருக்கிறேன், நீ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போன பிறகும்.

நீ பார்க்காமல் போன ஆட்டத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் எள் போட இடமில்லை. வந்தவன் ஒவ்வொருவனும் என்னிடம், "சுண்டல் எங்கேண்ணே?" என்று கேட்டான். நீ சொன்ன சுண்டலை அவித்துப் போட்டவன் நான். அதை நீ மறக்காதே.

என் தங்கச்சி மஞ்சள் சேலை கட்டி, தலை முழுகி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முன் வரிசைக் கருப்பணனுக்கு எதிரே போய் நின்று, "அண்ணே, நல்லாத் தெரியுதா? இன்னும் முன்னால வாங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி பூக்கட்ட வாழையிலையை எடுத்தார். "வேண்டாங்க சாமி, பூவெல்லாம் கட்டியே கொண்டாந்துட்டேன்" என்று மடியில் இருந்து இரண்டு பொட்டணத்தையும் எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள். பிறகு என் மைக்கைக் கையில் வாங்கினாள். மைக்கைப் பிடித்துப் பழகாத பெண், தம்பி. ஆனாலும் அது கூவவில்லை. "என் பிள்ளையைக் குடுத்தவ நீ. அதைக் காப்பாத்தணும்னு ஊரே சொல்லுது. நீ என்ன சொல்ற?" என்றாள். நான்கு குழாயிலும் அந்தக் கேள்வி போய்க் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்டது.

சுண்டல் கேட்டவன்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். பேச்சாயி இரண்டு பொட்டணத்தையும் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள், விட்டாள். இன்னொன்றை எடுத்தாள். பூசாரி பிரித்து உயரத் தூக்கினார். வெள்ளை நந்தியாவட்டை.

குலவைச் சத்தத்தில் என் மைக் செட் தோற்றது. நான் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மருமகளை மடியில் வைத்தார்கள். மாப்பிள்ளை முள்ளை வைத்துத் திருகினார். பிள்ளை அழுதது. அவரும் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்று கேட்டார். அடுத்தது கருப்பணனின் பேரப்பிள்ளை. சாயங்காலம் வரைக்கும் வரிசை அறுபடவில்லை.

உன் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். திட்டுவதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், புகழ்ந்துவிட்டேன்.

பொன்னழகு


திண்டுக்கல்
2-4-1963

அன்புள்ள தங்கச்சி அய்யம்மாளுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

எல்லோரும் சுகம். பேச்சாயியின் கைப்புண் நீர் கோத்து வற்றிவிட்டதா, காய்ச்சல் விட்டதா என்று எழுது. இந்தக் கேள்விக்காவது உன் வீட்டில் இருந்து பதில் வரும் என்று நம்புகிறேன்.

ஒரு சின்ன சமாசாரம். நான் யாவாரி. இரண்டு பொட்டணம் வைத்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பூசாரி வெள்ளைப் பூவைத் தூக்கியபோது சனமெல்லாம் அவர் கையைப் பார்த்தது. நான் மைக்கை வாங்க உன் பக்கம் திரும்பினேன். மற்ற பொட்டணம் அம்மன் காலடியில் இல்லை. உன் முந்தியில் முடிந்திருந்தது. அதை யாரும் பிரிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பூ கட்டியது நீ. அதில் இருந்தது சிவப்புப் பூதானா, தங்கச்சி?

தப்பாகக் கேட்கவில்லை. இத்தனை வருசமாக மேடைக்கு லைட் பிடிக்கிறேன், ஆள் பிடிக்கிறேன். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

உன் அண்ணன்,
பொன்னழகு


சேவுகம்பட்டி
9-4-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். பேச்சாயிக்குக் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டது. பொருக்கு உதிர்ந்து தழும்பு விழுந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டி, "மாமா மடியில குத்துனது" என்கிறாள். பக்கத்து ஊரில் மறுபடியும் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் எந்த வாசலிலும் இல்லை. திருவிழாவுக்கு உங்கள் குழாய்தான் என்று ஊரில் முடிவாகிவிட்டது.

ஐந்து வயசில் முடியெடுப்பதும் காதுகுத்தும் அம்மன் சன்னதியில்தான். அதில் மாற்றமில்லை. அதற்கும் உங்கள் மடி வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே நான் மட்டும் கோயிலுக்குப் போயிருந்தேன். குழாய் இல்லை, கூட்டம் இல்லை. அம்மனிடம் கேட்டேன். அவள் சொன்னாள். அது எனக்கும் அவளுக்கும். அதன் பிறகு வீட்டுக்கு வந்துதான் ஊருக்காகப் பூ கட்டினேன்.

நீங்கள் கேட்ட பொட்டணத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். மலைச்சாமி அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம், பாட்டுக் கட்டிவிடுவார்.

தங்கை,
அய்யம்மாள்